எல்லாம் தானாகவே செய்வாள்

சோபாக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பற்றிப் பேசினாலும் விற்கிற மாதிரியேதான் பேசுவார். பதினேழு வருஷமாக ஒரே ஃபர்னிச்சர் கடை. சும்மா பார்க்க வந்தவர்களை உட்காரவைத்து, உட்கார்ந்தவர்களை வாங்கவைத்து, ஒற்றை நாற்காலி போதும் என்று வந்தவர் தலையில் ஒரு மேஜையையும் சேர்த்துக் கட்டி அனுப்பிய வாய் அது. கடையைப் பூட்டினால் வாயும் பூட்டிக்கொள்ளுமா? பல் டாக்டரிடம் போனால்கூட, மற்ற முப்பத்தொரு பற்களின் உறுதியை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் வலிக்கிற பல்லைக் காட்டுவார்.

மனைவி அவருக்கு நேர் எதிர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "ரொம்ப", "நிறைய", "சுமாரா" போன்ற சொற்கள் அவள் வாயில் வருவது அபூர்வம். "எத்தனை?" என்பாள், இல்லாவிட்டால் "எத்தனை மணிக்கு?" என்பாள். காபி எப்படி இருக்கிறது என்று கேட்டால், சர்க்கரை கால் ஸ்பூன் கூடுதல் என்று பதில் வரும். இந்த இரண்டு பேருக்கும் எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்காதீர்கள். அவர் விற்றார், நான் வாங்கிவிட்டேன் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

இவர்களுடைய ஒரே மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் ஜட்ஜம்மா. பேசத் தொடங்கியது தாமதமாகத்தான். ஆனால் தொடங்கிய நாளிலிருந்து பேச்சு குறைவு, தீர்ப்பு அதிகம். பிறந்தபோதே மூளையில் பாதிப்பு. கால்கள் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. வலது கை கேட்கும், ஆனால் நன்றாக யோசித்துவிட்டுத்தான் கேட்கும். இடது கைதான் கெட்டிக்காரக் கை. சொற்கள் ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வரும். அவசரக்காரர்கள் அவளுடைய வாக்கியத்தைத் தாங்களே முடித்துக் கொடுக்கப் பார்ப்பார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அடுத்த முறை அவர்கள் காத்திருப்பார்கள்.

கடையில் சோபாக்காரரின் மேஜைக்குப் பின்னால் நான்கு படங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். நான்கும் ஜட்ஜம்மா பள்ளியில் வரைந்தவை. நான்கிலும் ஒரு மைதானம், மேலேயிருந்து பார்த்தது போல. பிள்ளைகள் எல்லாம் வெறும் தலைகள், தலைக்குக் கீழே நீண்ட நிழல்கள். நடுவில் எங்காவது ஒரு சிவப்புப் புள்ளி, அது பந்து. இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. கடைக்கு வருகிற யாரும் அந்தப் படங்களிடம் மாட்டாமல் போக முடியாது.

"என் பொண்ணு வரைஞ்சது சார். ஒன்பது வயசு. பாருங்க, பறவை பார்க்கிற மாதிரி பார்க்கிறா! நமக்கு வருமா இது? அந்த ஓரத்துக் கோடு இருக்கே, அங்கதான் இருக்கு கலை. கண்ணு படத்தை விட்டு வெளியே ஓடாம பிடிச்சு நிறுத்துது பாருங்க. சரி, நீங்க பார்த்த சோபா மூணு பேர் உட்காரறதா, நாலு பேரா?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் தப்பு சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் காக்கை தன் பெருமையை மரத்தோடு வைத்துக்கொள்கிறது. அதிகாரி வந்து எழுதிக்கொண்டு போவதில்லை. வம்பு அங்கேதான் வந்தது.

ஜட்ஜம்மாவின் பள்ளியில் காலை எட்டிலிருந்து பத்து வரை அவளுக்கென்று ஒரு துணையாள் உண்டு. உதவி அலுவலகம் அனுப்புகிற பெண். அவளை எல்லோரும் துணையக்கா என்பார்கள். நாற்காலியைத் தள்ளி வகுப்பில் சேர்ப்பது, புத்தகம் எடுத்து வைப்பது, வலது கையை மேஜைமேல் சரியாக நிறுத்துவது எல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். பத்து மணிக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். மத்தியானம் பாத்ரூமுக்கு அம்மாதான் வரவேண்டும். பரிசோதனைக் கூடம் இரண்டே தெரு தள்ளி இருந்ததால், தன் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, தூக்கி உட்காரவைத்து, மறுபடி தூக்கி, ஓடிப்போய்க்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் அப்படி ஓடியாயிற்று. இப்போது அந்தக் கூடம் இரண்டு மாதம் கழித்து, முதல் தேதியிலிருந்து, நகரத்தின் மறுகோடிக்கு மாறப்போகிறது. மத்தியானத்துக்கும் துணையாள் கிடைக்காவிட்டால் அவள் வேலையை விடவேண்டியதுதான். அதனால் நாள் முழுக்கத் துணை வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார்கள்.

மதிப்பீட்டு அதிகாரி வீட்டுக்கு வருவதாகச் சொன்ன நாளில், பரிசோதனைக் கூடத்தில் கூட வேலை செய்பவள் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். மனைவி விடுப்பு எடுக்க முடியவில்லை. ஒரு தாளில் பதினோரு குறிப்புகள் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"இதைப் படிச்சா போதும். கூட ஒரு வார்த்தை வேண்டாம்" என்றாள்.

"என்னை என்னன்னு நினைச்சே?" என்றார் சோபாக்காரர்.

என்ன நினைத்தாளோ அதுதான் நடந்தது. அதிகாரி வந்தார், அமைதியான பெண்மணி, கையில் பச்சைப் பேனா. உட்கார்ந்த சோபா வசதியாக இருக்கிறது என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார். போதாதா? உள்ளே என்ன மரம், ஸ்பிரிங் எந்த ரகம் என்பதில் பத்து நிமிஷம் போயிற்று. அந்தச் சூட்டிலேயே கேள்விகள் ஆரம்பித்தன. ஃபிரிட்ஜ் என்ற ஒன்று வீட்டில் இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"பாப்பா தானா சாப்பிடுமா சார்?"

"தானாவேதான் மேடம். ஒரு துளி சிந்தாது."

"டிரெஸ் போட்டுக்குமா?"

"பட்டன் வரைக்கும் அவளேதான். இன்னைக்குப் போட்டிருக்கிற கலர்கூட அவ செலக்‌ஷன்."

"பாத்ரூம் போறது?"

"கரெக்டா சொல்லிடுவா மேடம். கடிகாரம் தோத்துது போங்க!"

"ஸ்கூல்ல இடைவேளை நேரத்துல என்ன பண்ணுவா?"

"அப்படிக் கேளுங்க!" என்று சோபாக்காரர் போனை எடுத்து, படங்கள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக் காட்டினார். "ஓடிப்பிடிச்சு விளையாட எல்லாக் குழந்தையாலும் முடியும் மேடம். இது முடியுமா? இடைவேளை விட்டா போதும், எங்க மகாராணி வரைய உட்கார்ந்துடுவாங்க."

மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த ஜட்ஜம்மா தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகம் பளபளவென்று இருந்தது. அவள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. குழந்தை பெரும்பாலான காரியங்களைத் தானாகவே செய்துகொள்வதாகத் தந்தை தெரிவித்திருக்கிறார், மிக்க மகிழ்ச்சி. ஆகவே கூடுதல் துணை தேவைப்படவில்லை. தற்போது தரப்படும் இரண்டு மணி நேரமும் அடுத்த மாதத்திலிருந்து நிறுத்தப்படும். ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வித்துட்டீங்க" என்றாள். "பேக் பண்ணி, ரிப்பன் கட்டி, வித்துட்டீங்க."

"நான் ஒரு பொய்கூட சொல்லலியே."

"அந்தத் தாள் இன்னும் ஃபிரிட்ஜ்லதான் இருக்கு. பதினோரு பாயிண்ட். எத்தனை படிச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தன்னை மட்டும் கெடுத்துக்கொண்டது. இவர் வாய் கெடுத்தது மனைவியின் வேலையையும், மகளின் பள்ளியையும்.

"செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் போங்க" என்றாள் மனைவி. "நான் போகலை. நீங்க போங்க."

செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்பது நூலகத்தின் பின்னறையில் நடப்பது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாரம் ஒருமுறை கூடுவார்கள். மனைவி வாரம் தவறாமல் போவாள். சோபாக்காரர் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள் என்பது அவருடைய எண்ணம். தன் மகளைப் பற்றி யாரும் உச்சுக்கொட்டக் கேட்கிற பொறுமை அவருக்கு இல்லை.

போய்ப் பார்த்தால் அறைக்குள் சிரிப்புச் சத்தம் வாசல்வரை கேட்டது. பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் நான்கு ஆடுகிறவை. தொழில் புத்தி, கண் முதலில் அங்கேதான் போயிற்று. ஒரு பக்கம் பெரிய அலமாரி. அதில் ஒரு பிள்ளைக்குச் சின்னதாகிப்போன காலணிகள், நிற்க உதவும் மரச்சட்டம், சக்கர நாற்காலிக்கு மழை உறை, தடித்த கைப்பிடி வைத்த ஸ்பூன்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போவார்கள், வேண்டாதபோது கொண்டுவந்து வைப்பார்கள். அலமாரிக்குப் பக்கத்தில், கருவிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். குழாய் வேலை செய்பவர். எல்லோருக்கும் ப்ளம்பர் அக்கா. பேசாத இரட்டைப் பையன்களின் தாய். அடைத்துக்கொண்ட குழாயானாலும் சரி, அடைத்துக்கொண்ட அலுவலகமானாலும் சரி, அக்கா கை வைத்தால் எப்படியும் திறந்துவிடும் என்று பெயர்.

அக்கா கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உங்க பொண்ணு தானா சாப்பிடுவாளா?"

"தானாத்தான் அக்கா."

"தட்டை யார் வைக்கிறது?"

"நான்."

"தட்டு நகராதா?"

"அடியில ரப்பர் விரிப்பு போட்டுடுவேன்."

"சாப்பாட்டைச் சின்னதாக்குறது?"

"நான்தான். பெரிசா இருந்தா தொண்டையில சிக்கிடும் அக்கா."

"ஸ்பூன்?"

"கைப்பிடியில நானே துணி சுத்தி வெச்சிருக்கேன். விரலுக்கு நடுவுல சரியா வெச்சு விட்டா போதும், பிச்சு உதறிடுவா."

"தண்ணி?"

"டம்ளரை நான் பிடிச்சுக்குவேன்."

"எவ்வளவு நேரம் பக்கத்துல இருப்பீங்க?"

"ஒரு நாற்பது நிமிஷம்" என்று சொல்லி, சோபாக்காரர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்போ இந்தத் 'தானா' 'தானா'ன்னு சொல்றீங்களே, அது யாரு தம்பி? உங்க வீட்டுல வேலைக்கு இருக்கிற ஆளா?"

அறை முழுக்கச் சிரித்தது. சோபாக்காரர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் அதே நாற்காலியில் அசடு வழிந்தவர்கள்தான்.

"இது நம்ம எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார் அக்கா. "வருஷக்கணக்கா செஞ்சு செஞ்சு நம்ம கை நம்ம கண்ணுக்கே தெரியாமப் போயிடுது. மொத தடவை நான் என்ன எழுதினேன் தெரியுமா? ரெண்டு பசங்களும் நல்லாத் தூங்குவாங்கன்னு எழுதினேன். அவங்க எழுந்து தெருவுக்குப் போயிடக் கூடாதுன்னு நான் வாசக்கதவுக்குக் குறுக்கே படுத்திருக்கிறதை எழுதலை. நிராகரிச்சுட்டாங்க."

பிறகு அக்கா வழி சொன்னார். ஒரு நோட்டு, ஒரு வாரம், பக்கத்துக்கு நாலு கட்டம். என்ன காரியம், யார் கை, எத்தனை நிமிஷம், அந்தக் கை இல்லாவிட்டால் என்ன ஆகும். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவரிடம் ஒரு கடிதம், வகுப்பு ஆசிரியையிடம் ஒரு கடிதம். எல்லாவற்றையும் சேர்த்து மறுபரிசீலனைக்குக் கொடுக்கவேண்டும்.

"நாலே கட்டம் தம்பி" என்று கிளம்பும்போது மறுபடி சொன்னார். "அஞ்சாவதா ஒண்ணு போட்டு அதுல பெருமை எழுதிடாதீங்க."

முதல் நாள் சோபாக்காரர் நோட்டில் எழுதியது இது: "காலை 6.10. எங்கள் வீட்டு மகாராணி புன்னகையுடன் கண் விழித்தார்."

மனைவி சிவப்புப் பேனாவை எடுத்தாள். மகாராணி வெட்டுப்பட்டார். புன்னகையும் வெட்டுப்பட்டது. பக்கத்தில், "யார் தூக்கியது? எத்தனை நிமிஷம்?" என்று எழுதினாள். இரண்டாம் நாள் "உற்சாகமாக", "அழகாக", "சமத்தாக" மூன்றும் ஒரே பக்கத்தில் உயிரைவிட்டன. மூன்றாம் நாளிலிருந்து அவருக்கே பேனா தயங்க ஆரம்பித்தது. பல் தேய்ப்பது, அப்பா கை, ஆறு நிமிஷம், இல்லாவிட்டால் பேஸ்ட்டை விழுங்கிவிடுவாள். சட்டை, அப்பா கை, பதினாலு நிமிஷம், அவள் போடுவது ஒரு பட்டன், மற்ற ஐந்தும் நான். காருக்குத் தூக்குவது, அப்பா முதுகு, நான்கு நிமிஷம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை.

பள்ளி நேரத்துக்கு ஜட்ஜம்மாவையே கேட்டு எழுதினார். பத்து மணிக்கு மேல் என்ன செய்வாய் என்று கேட்டால், "பாடம். அப்புறம்... படம்" என்பாள். "இடைவேளை: படம் வரைகிறாள். உதவி தேவையில்லை" என்று எழுதினார். சிவப்புப் பேனா அந்த வரியைத் தொடாமல் தாண்டிப் போயிற்று.

வாரக் கடைசியில் மனைவி கூட்டிப் பார்த்தாள். பள்ளி நேரம் போக, ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் நாற்பது நிமிஷம் அவர்கள் இருவர் கையும் மகளின் மேல்தான் இருக்கிறது. சோபாக்காரர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணு கேட்கட்டுமா?" என்றார் சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம். "ஆபீஸ்ல கூப்பிட்டிருக்கிற கூட்டத்துல இதை நான்தான் வாசிக்கணுமாம். அவளும் பக்கத்துல இருப்பா. ஒன்பது வருஷமா உன்னால முடியும், உன்னால முடியும்னு சொல்லிட்டு, இப்ப அவ முன்னாடியே முடியாது முடியாதுன்னு எப்படி வாசிக்கிறது? அவ மனசு உடைஞ்சு போகாதா?"

மனைவி ஒரு காலுறையின் ஜோடியைத் தேடிக்கொண்டே பதில் சொன்னாள். "அவளுக்குத் தெரியாத எதையாவது எழுதியிருக்கீங்களா?"

நோட்டைப் புரட்டிப் பார்த்தார், அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை.

உதவி அலுவலகத்தில் மூன்றாம் எண் அறை. வட்ட மேஜை, தண்ணீர்க் குடுவை, பொம்மைகள் கிடந்த ஒரு கூடை. அதே அதிகாரி, அதே பச்சைப் பேனா.

"வாங்க சார். இன்னைக்கும் சோபாவுல இருந்தே ஆரம்பிக்கலாமா?" என்றார் அதிகாரி. அமைதியானவர்களை நம்பக் கூடாது.

சோபாக்காரர் நெளிந்தார். "மேடம், பாப்பா கொஞ்ச நேரம் வெளியில உட்காரட்டுமே. கலர் பென்சிலெல்லாம் கொண்டுவந்திருக்கோம்."

அதிகாரி ஜட்ஜம்மாவின் பக்கம் திரும்பினார். "இது உன்னைப் பத்தின கூட்டம். இருக்கியா, வெளியே போறியா?"

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இருக்கேன்" என்றாள் ஜட்ஜம்மா. "அப்பா... தப்பா... படிப்பாரு."

சோபாக்காரர் நோட்டைத் திறந்தார். ஊரையே பேச்சால் உட்காரவைத்த மனிதர் முதல் வரியையே இரண்டு தடவை தொடங்கினார். மகளைப் பார்க்காமல், நோட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசித்தார். பல் தேய்ப்பது ஆறு நிமிஷம். சட்டை பதினாலு நிமிஷம்.

"பதினாறு" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். "வியாழக்கிழமை... பட்டன்... அறுந்துச்சு."

அதிகாரி பதினாறு என்று திருத்திக்கொண்டார். சோபாக்காரர் மேலே வாசித்தார். சாப்பாடு, தண்ணீர், தூக்குவது, இறக்குவது. மத்தியானப் பாத்ரூம் வந்தது. செவ்வாய்க்கிழமை, அம்மா வர இருபது நிமிஷம் தாமதம், அன்றைக்கு என்பதுவரை வந்து நின்றுவிட்டார். அடுத்த வார்த்தை கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. மகளுக்கு முன்னால் அதைச் சொல்வதற்குப் பதில் கடையிலிருக்கும் அத்தனை சோபாவையும் ஒண்டியாளாக மாடிக்கு ஏற்றச் சொன்னால் ஏற்றிவிடுவார்.

"நனைஞ்சிடுச்சு" என்றாள் ஜட்ஜம்மா. "படிப்பா. எனக்குத்... தெரியும்."

அவள் குரலில் உடைசல் எதுவும் இல்லை. நேரமாகிறது என்ற சலிப்புதான் இருந்தது. சோபாக்காரர் அப்போதுதான் நோட்டை இறக்கி அவளைப் பார்த்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வழக்கைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு வாசிப்பது சுலபமாயிற்று.

முடித்ததும் அதிகாரி கேட்டார். "எல்லாம் சரியா இருக்கா? அப்பா எதையாவது விட்டுட்டாரா?"

சோபாக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஏழு நாள், இருபத்தெட்டுப் பக்கம், ஒரு பெருமைகூட இல்லாமல் எழுதியது. எதை விட்டிருக்கப் போகிறார்?

"இடைவேளை" என்றாள் ஜட்ஜம்மா.

"அதுதான் இருக்கேம்மா. படம் வரைவேன்னு போட்டிருக்கேனே."

ஜட்ஜம்மா அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. யாரும் முடித்துக் கொடுக்க முயலவில்லை.

"என் கிளாஸ்... மாடியில. லிஃப்ட் சாவி... டீச்சர்கிட்ட. இடைவேளையில... டீச்சர்... மைதானத்துல நிக்கணும். துணையக்கா... பத்து மணிக்குப் போயிடுவாங்க. இடைவேளை... பத்தரை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எல்லாரும்... கீழே. நான்... ஜன்னல்கிட்ட."

பச்சைப் பேனா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டது.

சோபாக்காரருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. கடைச் சுவரில் இருக்கிற நான்கு படங்களும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. தலைகள், நிழல்கள், சிவப்புப் புள்ளி. பறவை பார்க்கிற மாதிரி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! பறவையாவது ஒன்றாவது. மாடி ஜன்னலில் தனியாக உட்கார்ந்து பார்த்த மைதானம் அது. அந்த இடது ஓரத்துக் கறுப்புக் கோடு, கண்ணைப் பிடித்து நிறுத்துகிற கலை என்று அவர் விளக்கிய கோடு, ஜன்னல் கம்பி.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"மொத படம்... கொண்டுவந்தப்போ... நீ அவ்ளோ... சந்தோஷப்பட்ட" என்றாள் ஜட்ஜம்மா. "ஃப்ரேம்... போட்ட."

அழக் கூடாது என்று நினைத்தார், முடியவில்லை. ஒன்றை மட்டும் விடாமல் புகழ்ந்து புகழ்ந்து, அவள் வேறு எதையும் சொல்ல முடியாதபடி தானே வாயை அடைத்திருப்பது அவருக்கு உறைத்தது. விற்பதற்கு அவரிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. மனைவி நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைத் தேடிப் பிடித்து, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மெதுவாக அடித்தாள்.

"நானும் இதைப் பார்த்துட்டு விட்டுட்டேன்" என்றாள்.

அதிகாரி தண்ணீரை ஊற்றிச் சோபாக்காரர் பக்கம் நகர்த்தினார். பிறகு ஜட்ஜம்மாவிடம், "கீழே கூட்டிட்டுப் போக ஆள் இருந்தா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

ஜட்ஜம்மாவுக்கு இந்தக் கேள்விக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"மேட்ச்ல... நடுவர். மேலேயிருந்து... பார்த்தாலே தெரியுது." தீர்ப்பு வந்தது. "எல்லாரும்... அழுகுணி ஆட்டம்."

சோபாக்காரர் அழுகைக்கு நடுவில் சிரித்து, தண்ணீர் புரையேறி, மனைவி தலையில் தட்டவேண்டியதாயிற்று.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. காலை எட்டிலிருந்து ஒன்றரை வரை துணையாள். இடைவேளைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து. லிஃப்ட்டுக்கு ஒரு சாவி துணையாள் கையிலேயே இருக்கவேண்டும் என்று தனியாக ஒரு வரி, பச்சை மையில் அடிக்கோடு போட்டிருந்தது. கேட்டது முழு நாள். ஒன்றரைக்கு மேல் இல்லை. ஆனாலும் மனைவி முதல் தேதி புதுக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள்.

"மீதியை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். நோட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க தம்பி" என்றார் ப்ளம்பர் அக்கா. சோபாக்காரர் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு ஸ்பானரை இரவல் வாங்கி, ஆடுகிற நாற்காலிகள் நான்கையும் சரிசெய்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து ஜட்ஜம்மா ஒரு படம் கொண்டுவந்தாள். தாளின் மூலையில் நிஜமான சேறு ஒட்டியிருந்தது. பாதிப் படத்தை ஒரு சிவப்புப் பந்து அடைத்துக்கொண்டிருந்தது. பந்துக்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டு முழங்கால்கள். ஒரு காலில் அவிழ்ந்துபோன ஷூ நாடா. ஒரு பையன் வாயைப் பிளந்து கத்துகிறான், தீர்ப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இடது ஓரத்தில் கோடு இல்லை.

சோபாக்காரர் அதைக் கடைக்குக் கொண்டுபோனார். மாட்டுவதற்கு முன் மகளிடம் கேட்டுக்கொண்டுதான் கொண்டுபோனார். பழைய நான்கையும் கழற்றிப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, இதை மட்டும் நடுவில் மாட்டினார்.

அன்று சாயங்காலம் சோபா பார்க்க வந்த ஒருவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். "இது யாரு சார் வரைஞ்சது?"

சோபாக்காரர் வாயைத் திறந்தார். பதினேழு வருஷத்துப் பேச்சு முழுதும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றது. ஒவ்வொன்றையும் உள்ளே திருப்பி அனுப்பினார்.

"என் பொண்ணு சார்" என்றார். "கீழே இருந்து வரைஞ்சது."